முகத்து முடியும் அவசர வைத்தியமும்

பெண்ணின் முகத்தில் வளரும் முடி தன்னளவில் அவள் உடம்புக்கு ஒரு கெடுதலும் செய்வதில்லை. அதை எடுக்கப் போய் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள்தான் ஏராளம். 1920களின் நடுவில் நியூயார்க்கில் ஆல்பர்ட் கெய்சர் என்ற மருத்துவர் ‘டிரைக்கோ’ என்றொரு முறையைக் கொண்டுவந்தார். அழகு நிலையத்துக்குப் போய் ஒரு பெட்டியின் முன்னால் முகத்தைக் காட்டியபடி சில நிமிடம் உட்கார வேண்டும். இப்படிப் பல தடவை. வலி கிடையாது, முடி உதிர்ந்துவிடும். பெட்டிக்குள் இருந்தது எக்ஸ்ரே குழாய். ஆண்டுகள் சென்றபின் அந்தப் பெண்களின் கன்னத்திலும் தாடையிலும் தோல் சுருங்கியது, ஆறாத புண்கள் வந்தன, சிலருக்கு அது புற்றுநோயில் முடிந்தது. 1929இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இந்த முறையைக் கண்டித்தது. ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள்.

அடுத்து வந்தது ‘கோரெம்லு’ என்ற முகப்பூச்சு. அதில் இருந்தது தாலியம் அசிடேட். எலி விஷத்தில் போட்டுவந்த தாலியத்தின் உப்பு. மேலுதட்டில் பூசியவர்களுக்குத் தலைமுடியும் சேர்ந்து கொட்டியது. கால் நரம்புகள் செயலிழந்தன, சிலருக்குப் பார்வை மங்கியது. வழக்குகள் குவிந்து 1932இல் அந்த நிறுவனம் திவாலானது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அழகுப் பொருட்களைக் கேள்வி கேட்க இடமே இல்லை. 1938இல் அவற்றையும் அடக்கிப் புதிய சட்டம் வருவதற்கு, இதுபோன்ற பாதிப்புகள் முக்கியமான காரணம்.

அந்தப் பெண்கள் ஏமாளிகள் அல்லர். வெளியில் சொல்ல முடியாத ஒரு குறையை யாருக்கும் தெரியாமல், சீக்கிரமாக, ஒரேயடியாகத் தீர்த்துவிட வேண்டும் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். அதே நினைப்புதான் இன்று மருந்துக்கடையில் சீட்டில்லாமல் ‘வெள்ளையாக்கும் க்ரீம்’ வாங்க வைக்கிறது. யார் கையில் இருக்கிறது என்று கூடக் கேட்காமல் லேசர் கருவிக்கு முகத்தைக் கொடுக்க வைக்கிறது. முகத்து முடியைப் பற்றிப் பேச வேண்டிய முதல் விஷயம் இந்த ஒளிவுமறைவும் அவசரமும்தான். எந்த முறை நல்லது என்ற கேள்வி அதற்குப் பிறகு வருவது.

முகத்தில் முடியே இல்லாத பெண் என்று யாரும் கிடையாது. மெல்லிய, நிறம் குறைந்த பூனைமுடி எல்லோருக்கும் உண்டு. பருவ வயதில் சுரக்கும் ஆண்ட்ரோஜன் என்ற இயக்குநீர் அதில் சிலவற்றைத் தடித்த கறுப்பு முடியாக மாற்றுகிறது. இதை ஆண்களின் சுரப்பு என்று சொல்வது பாதி உண்மைதான். பெண்ணின் சினைப்பையும் அட்ரினல் சுரப்பியும் சிறிய அளவில் அதைச் சுரக்கவே செய்கின்றன. அளவு கூடினாலும், அளவு கூடாமலே முடிக்கால்கள் அதற்கு அதிகமாக இணங்கினாலும், மேலுதடு, தாடை, கழுத்து, மார்பு, அடிவயிறு என்று ஆண்களுக்கு வளரும் இடங்களில் முடி தடிக்கிறது. 1961இல் ஃபெரிமன், கால்வே என்ற இரு ஆங்கிலேய மருத்துவர்கள் இதை அளக்க ஒரு மதிப்பெண் முறை வகுத்தார்கள். இன்று உடம்பின் 9 இடங்களுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். பொதுவாக 8ஐத் தொட்டால் காரணம் தேட வேண்டும் என்பது வழக்கம். ஆனால் எல்லா இனத்தவருக்கும் இந்த எல்லைக்கோடு பொருந்தாது. கிழக்காசியப் பெண்களுக்கு இதைவிடக் குறைவான எண்ணே போதும். தெற்காசியப் பெண்களுக்கு இயல்பிலேயே முடி சற்று அதிகம். பாட்டிக்கும் அம்மாவுக்கும் மேலுதட்டில் மெல்லிய கோடு இருந்து, மாதவிலக்கும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால், மகளுக்கு அதே கோடு வருவதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது, முகப்பரு விடாமல் வருகிறது, எடை ஏறுகிறது, கழுத்தின் பின்புறம் அழுக்குப் படிந்ததுபோல் கறுத்துத் தடிக்கிறது என்றால் கதை வேறு. தேய்த்துக் குளித்தாலும் போகாத அந்தக் கறுப்பு, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். இவையெல்லாம் சேர்ந்து வரும் நிலையை மருத்துவர்கள் பிசிஓஎஸ் என்கிறார்கள். பேச்சில் பிசிஓடி, நீர்க்கட்டி என்ற பெயர்களே அதிகம். 1935இல் சிகாகோவின் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் இதை முதன்முதலில் தொகுத்து எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கருவுறும் வயதில் உள்ள பெண்களில் 100க்கு 10 முதல் 13 பேருக்கு இது இருக்கிறது. அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் வாழ்கிறார்கள். ஆண்களைப்போல முடி தடிக்கும் பெண்களில் பெரும்பான்மையோருக்குக் காரணம் இதுதான். இதே பெண்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் அதிகம். தாடையில் தெரியும் நாலு முடி சில சமயம் இருபது வருஷம் கழித்து வரப்போகும் சர்க்கரையை இப்போதே சொல்லிவிடுகிறது. மாதம் தவறாமல் பார்லருக்குப் போய் அதை மட்டும் எடுத்துவிட்டு வருவது, வந்த தகவலைப் படிக்காமல் கிழிப்பதற்குச் சமம்.

காரணம் வேறாகவும் இருக்கலாம். அட்ரினல் சுரப்பியில் பிறவியிலேயே இருந்து இளமையில் வெளிப்படும் கோளாறு, மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றம், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டோயின், தலைமுடி வளரத் தடவும் மினாக்சிடில் என்று பலவும் உண்டு. இவற்றில் தாமதமே கூடாத ஒன்று இருக்கிறது. சில மாதங்களுக்குள் முடி மடமடவென்று பெருகி, குரல் கட்டைக்குரலாகி, முன்தலை வழுக்கை விழுந்தால், ஆண்ட்ரோஜனைச் சுரக்கும் கட்டி சினைப்பையிலோ அட்ரினலிலோ இருக்கக்கூடும். அரிதுதான். ஆனாலும் அந்தப் பெண் போக வேண்டிய இடம் பார்லர் அல்ல, மருத்துவமனை. அதுவும் அதே வாரத்தில்.

இந்தியாவில் இன்னொரு காரணமும் உண்டு, அது கடையில் கிடைக்கிறது. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு களிம்புகளையும், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டசோன் மூன்றும் கலந்த களிம்பையும் சிவப்பழகு க்ரீமாக மாதக்கணக்கில் பூசிக்கொள்ளும் பழக்கம் ஊரெங்கும் பரவிக் கிடக்கிறது. முதல் சில வாரங்கள் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து சிவக்கும், வெயில் பட்டால் எரியும், பரு கொப்பளிக்கும், கன்னமெங்கும் முடி முளைக்கும். அந்த முடியை எடுக்கப் போனால் மெலிந்த தோல் கிழிகிறது. நிறுத்தினால் முகம் எரிகிறது என்று மறுபடியும் அதே களிம்பைத் தேடுகிறார்கள். தோல் மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கம் இதற்கெதிராகத் தனிக்குழு அமைத்துப் பிரசாரம் செய்தது. 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. அறிவிப்பு வந்தபிறகும் விற்பனை நிற்கவில்லை என்பது எந்தத் தோல் மருத்துவரின் வாசலிலும் தெரியும்.

இனி முடியை எடுக்கும் வழிகள். நம் வீடுகளில் மிக அதிகமாகப் பயப்படுவது சவரக் கத்திக்கு. ‘கத்தி பட்டால் ஆம்பளை மாதிரி தாடி வந்துடும்’ என்று சொல்லாத அம்மா இல்லை. இந்தப் பயத்தை 1928லேயே சோதித்துப் பார்த்தார் மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறு அறிஞர். சவரம் செய்த முகத்து முடியை அளந்தார். கனமும் கூடவில்லை, வளரும் வேகமும் கூடவில்லை. 1970இல் இன்னொரு சோதனை நடந்தது. ஐந்து இளைஞர்கள் பல மாதம் வாரம் ஒருமுறை ஒரு காலை மட்டும் மழித்துக்கொண்டார்கள். இரண்டு கால் முடிக்கும் வித்தியாசமே இல்லை. முடியின் தடிமனைத் தீர்மானிப்பது தோலுக்கு அடியில் உள்ள முடிக்கால். கத்தி அந்த ஆழத்துக்குப் போவதே இல்லை. கூர்மையாக முடியும் நுனியை நடுவில் வெட்டும்போது மொட்டையான முனை தெரிகிறது. தடவினால் சொரசொரப்பாக இருக்கிறது. தவிர, பெண்கள் முதன்முதலாகக் கத்தியை எடுக்கும் வயது, இயக்குநீரால் முடி தானாகவே தடிக்கும் வயது. தானாக வந்ததற்குக் கத்தி பழி சுமக்கிறது.

உண்மையில் நம் நிறத்துத் தோலுக்கு மிகக் குறைந்த தொல்லை தரும் வழிகளில் சவரமும் ஒன்று. முகத்தைக் கழுவி, ஈரப்பசை இருக்கும்போது, தனக்கென்று வைத்திருக்கும் சுத்தமான ஒற்றைப் பிளேடு ரேசரால், முடி சாயும் திசையிலேயே மெதுவாக இழுத்தால் போதும். சீழ்ப்பரு இருக்கும் இடத்தை விட்டுவிட வேண்டும். ரேசரை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

வேரோடு பிடுங்கும் வழிகளின் வரவு செலவு வேறு. நூல் போடுவதும் வேக்சிங்கும் சில வாரம் தாங்கும். முடிக்காலைச் சுற்றி வீக்கமும் தரும். வெள்ளைத்தோலில் அந்த வீக்கம் சிவந்து மறைந்துவிடும். கறுப்பு, மாநிறத் தோலில் அது கரும்புள்ளியாகி மாதக்கணக்கில் நிற்கும். முடியைவிட அந்தக் கறையே பெரிய கவலையாகிப்போன பெண்கள் பலர். சுருட்டை முடியாக இருந்தால் திரும்ப வளரும் நுனி தோலுக்குள்ளேயே மடங்கி, பருபோல வீங்கும். த்ரெட்டிங் வழியாக மரு ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போனதை மருத்துவ இதழ்கள் பதிவுசெய்திருக்கின்றன. பல்லில் கடித்துப் பிடிக்கும் நூல், அடுத்தடுத்த முகங்களுக்கு அதே கை என்றால் வேறு என்ன நடக்கும்? புது நூல் எடுக்கச் சொல்வதும், கையைக் கழுவச் சொல்வதும் மரியாதைக் குறைவல்ல. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள், ட்ரெட்டினாயின் களிம்பு பூசுபவர்கள் வேக்சிங் பக்கமே போகக் கூடாது. மெழுகோடு மேல்தோலும் உரிந்து வந்துவிடும். வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தோல் காயப்படும் இடத்தில் புதுப் புள்ளி வரும் வாய்ப்பு இருக்கிறது. இழுத்துப் பிடுங்கும் எதுவும் அவர்களுக்கு ஆகாது. முடியைக் கரைக்கும் க்ரீமில் உள்ள தயோகிளைகோலேட், முடியின் புரதப் பிணைப்பைத்தான் உடைக்கிறது. தோலிலும் அதே குடும்பத்துப் புரதம் இருப்பதால், சொன்ன நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட விடக் கூடாது. முதல் நாள் தாடைக்கு அடியில் கொஞ்சமாகப் பூசிப் பார்த்துவிட்டு மறுநாள் பயன்படுத்துவதே முறை. ப்ளீச் முடியை எடுப்பதில்லை, வெளுக்கிறது. மாநிறமான கன்னத்தில் பொன்னிற முடி இன்னும் எடுப்பாகத் தெரியும் என்பதால் நம்மூர் முகங்களுக்கு அது பெரும்பாலும் வீண்செலவு.

கஸ்தூரி மஞ்சளை விட்டுவிட்டு இந்தப் பேச்சைத் தமிழில் முடிக்க முடியாது. கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, குப்பைமேனி மூன்றையும் அரைத்துப் பூசி, காய்ந்ததும் தேய்த்துக் கழுவும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. இதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. கோரைக்கிழங்கிலிருந்து வடித்தெடுத்த எண்ணெயை எகிப்திலும், மஞ்சள் குடும்பத்துக் கிழங்கு ஒன்றின் எண்ணெயைத் தாய்லாந்திலும் அக்குள் முடியில் சோதித்து, வளர்ச்சி ஓரளவு குறைந்ததாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது வடித்த எண்ணெய், அக்குள் முடி, சிறிய சோதனை. அரைத்த விழுதை இயக்குநீரால் தடித்த தாடை முடியில் பூசினால் அதே பலன் கிடைக்கும் என்று இதிலிருந்து சொல்ல வழியில்லை. போதாக்குறைக்கு, கஸ்தூரி மஞ்சள் என்று கடைகளில் விற்பதில் பெரும்பகுதி அந்தச் செடியே அல்ல, பூலாங்கிழங்கு வகையைச் சேர்ந்தது. பூசுவது பிடித்திருந்தால் பூசலாம். காய்ந்த பூச்சை அழுத்தித் தேய்த்து எடுப்பதுதான் தீங்கு. முகம் கறுப்பதற்கு அந்தத் தேய்ப்பே காரணமாகிவிடும்.

லேசர் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பணமும் நம்பிக்கையும் இன்று அங்கேதான் கொட்டுகின்றன. 1983இல் பாஸ்டன் நகரின் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் இருவரும் ஒரு கருத்தை வெளியிட்டார்கள்: சரியான அலைநீளமும் சரியான நேர அளவும் கொண்ட ஒளி, குறிப்பிட்ட நிறமுள்ள பொருளை மட்டும் சூடாக்கி அழிக்கும், பக்கத்துத் திசு தப்பிவிடும். முடியில் உள்ள மெலனின் என்ற கறுப்பு நிறமியே இங்கே இலக்கு. 1990களின் நடுவில் இது முடி எடுக்கும் கருவியாகச் சந்தைக்கு வந்தது. வெள்ளைத்தோலும் கறுப்பு முடியும் உள்ளவர்களுக்குக் கணக்கு எளிது. நம் தோலிலேயே மெலனின் நிறைய இருப்பதால் ஒளி முடிக்காலை எட்டும் முன்பே மேல்தோலைச் சுட்டுவிடலாம். கொப்புளம், கறுந்தழும்பு, வெள்ளைத் தழும்பு எல்லாம் அப்படி வருபவை. இதற்குத் தீர்வு நீண்ட அலைநீளம். 755 நேனோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசரை வெளிர்நிறத் தோலுக்கு விட்டுவிட்டு, கறுத்த தோலுக்கு 1064 நேனோமீட்டர் என்டி-யாக் லேசரை நாட வேண்டும். 810 அருகிலுள்ள டயோடு லேசரையும் கவனமாகப் பயன்படுத்தலாம். இந்த மூன்றில் எந்தக் கருவி, என் நிறத்துக்கு எந்த அளவில் வைக்கிறீர்கள், ஓரிரண்டு இடத்தில் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டால் தடுமாறும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே பாதுகாப்பு. வீட்டில் வைத்துக்கொள்ளும், ஐபிஎல் என்ற ஒளிக் கருவிகளின் பெட்டியில் நிற அட்டவணை இருக்கும். அதில் கறுத்த நிறங்களுக்கு எதிரே பெருக்கல் குறி போட்டிருப்பதை வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தை விளம்பரங்கள் சொல்வதே இல்லை. லேசரும் ஐபிஎல்லும் சிலருக்கு முடியைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடுகின்றன. சுட்ட இடத்திலோ அதை ஒட்டிய கன்னத்திலோ பூனைமுடியாக இருந்தது தடித்துவிடுகிறது. முகத்திலும் கழுத்திலும், கறுத்த தோலிலும், இயக்குநீர்க் கோளாறு உள்ளவர்களிடமும் இது அதிகம். அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பியியல் கழகம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டலில், மத்தியதரைக் கடல், மத்திய கிழக்கு நாட்டுப் பெண்களின் முகத்துக்கு ஒளிச் சிகிச்சையைவிடப் பூச்சு மருந்தோ, மின்சார ஊசியால் முடிக்காலை அழிக்கும் மின்பகுப்போ மேல் என்றே சொல்லியிருக்கிறது. கன்னத்தில் வெறும் பூனைமுடி மட்டும் உள்ள இளம்பெண்ணுக்கு லேசர் செய்ய வேண்டிய தேவையே இல்லை. செய்யாமல் இருப்பதே அவளுக்கு நல்லது.

தாடை முடி தடித்து, கறுத்து, மருத்துவர் காரணத்தையும் கவனித்துக்கொண்டிருந்தால், லேசர் பெரும் நிம்மதி தரும். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு, எட்டுத் தடவை ஆகும். முழுதாக ஒழியாது, குறையும், மெலியும், பிறகு அவ்வப்போது தொட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். இடையில் பிடுங்கக் கூடாது, சவரம் செய்யலாம். கண்ணுக்குக் கவசம் கட்டாயம், புருவத்துக்கு அடியில் லேசர் கூடவே கூடாது. நரைத்த முடியில் மெலனின் இல்லாததால் மாதவிடாய் நின்ற அம்மாக்களின் மோவாய் நரைமுடிக்கு லேசரில் செலவிடும் பணம் அத்தனையும் வீண். அவர்களுக்கு ஏற்றது மின்பகுப்பு. 1875இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சார்லஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர், கண்ணை உறுத்தும் இமைமுடியை மின்சார ஊசியால் அழித்ததில் தொடங்கிய முறை அது. ஒவ்வொரு முடிக்காலாகச் செய்ய வேண்டும், நேரமும் பொறுமையும் வேண்டும். நிறம் அதற்குப் பொருட்டல்ல. நிரந்தரமாக முடியை எடுப்பது என்று சொல்லத்தக்கதும் அதுதான்.

மருந்துகளில் எஃப்லோர்னிதினின் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. ஆப்பிரிக்காவின் தூக்க நோயில் நினைவிழந்து கிடப்பவர்களை எழுப்பிவிடும் ஊசி மருந்து என்று 1990இல் அமெரிக்கா அதை அனுமதித்தது. ஏழைகளின் நோய் என்பதால் லாபமில்லை. சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. 2000இல் அதே மருந்து, பெண்களின் முகத்து முடி வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் பூச்சாகத் திரும்பி வந்தது. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் விடாமல் குரல் கொடுத்து, 2001இல் ஆப்பிரிக்காவுக்கு அந்த ஊசி மருந்தை இலவசமாகத் தர நிறுவனத்தைச் சம்மதிக்க வைத்தன. பூச்சாக அதன் பலன் நடுத்தரமானது: சோதனைகளில் மூன்றில் ஒருவருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. நாளுக்கு இரண்டு முறை பூச வேண்டும். பலன் தெரிய இரண்டு மாதம் ஆகும். நிறுத்தினால் இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். முடியை அது எடுப்பதில்லை என்பதால் வேறு வழியோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

உள்ளே சாப்பிடும் மருந்துகள் மருத்துவர் கையில் இருக்க வேண்டியவை. கருத்தடை மாத்திரை ஆண்ட்ரோஜனைக் கட்டுப்படுத்தும்; ஸ்பைரனோலாக்டோன் முடிக்காலில் அதன் வேலையைத் தடுக்கும். ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடும்போது கருத்தரிக்கக் கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். மெட்ஃபார்மின் சர்க்கரைக்கும் மாதவிலக்குக்கும் உதவும், முடிக்கு அதிகம் உதவாது. எந்த மருந்தும் ஆறு மாதத்துக்கு முன் கண்ணில் தெரியும் மாற்றம் தராது. மூன்றாம் மாதம் ‘கேட்கவில்லை’ என்று நிறுத்துபவர்களே அதிகம்.

மனதின் பங்கு சிறியதல்ல. இங்கிலாந்தில் முகத்து முடியுள்ள 88 பெண்களிடம் நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 104 நிமிடம் அந்த முடிக்காகவே செலவிட்டார்கள். நாலில் மூன்று பேர் மருத்துவ அளவிலான பதற்றத்தில் இருந்தார்கள். பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு ஐந்து தடவை லேசர் செய்த இன்னொரு ஆய்வில், வாரம் 112 நிமிடமாக இருந்தது 21 ஆகக் குறைந்தது, மனச்சோர்வும் குறைந்தது. முடியை எடுக்க விரும்பும் பெண்ணிடம் ‘இதெல்லாம் ஒரு பிரச்சினையா’ என்று கேட்பது இந்த எண்களை அறியாத பேச்சு. எடுக்காமல் வாழ முடிவு செய்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் ஹர்னாம் கௌர், பிசிஓஎஸ்ஸால் வந்த தாடியை வளர்த்தே வாழ்கிறார். கின்னஸ் புத்தகத்திலும் இடம்பெற்றார். இரண்டு முடிவையும் அந்தந்தப் பெண்தான் எடுக்க வேண்டும்.

2024 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற மாணவிக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். மதிப்பெண் 98.5 சதவீதம், இணையம் பேசியது அவள் மேலுதட்டைப் பற்றி. பக்கத்து வீட்டு அத்தை சொல்வதும் கல்யாணப் பேச்சில் வருவதும் அதன் சிறிய வடிவங்கள்தான். பதினைந்து வயதுப் பெண் ஸ்டீராய்டு க்ரீமைத் தேடிப் போவது இப்படிப்பட்ட பேச்சுகளுக்கு மறுநாள்தான்.

திருநங்கையருக்கு இது இன்னும் கடினம். பருவ வயதைத் தாண்டிய தாடி, பெண் இயக்குநீர் சாப்பிட்டாலும் தானாக மறைவதில்லை. பலர் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, முகமெல்லாம் புண்ணும் கறையுமாக நிற்கிறார்கள். அவர்களுக்கு லேசரும் மின்பகுப்பும் அழகுச் செலவாக அல்லாமல், சிகிச்சையின் பகுதியாகவே உலகளாவிய மருத்துவ நெறிகளில் எழுதப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் 2008லேயே திருநங்கையர் நல வாரியம் வந்தது. அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுகளில் இந்தச் சிகிச்சையும் அவர்களுக்கு எளிதில் கிடைக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும் பெண்கள் பெரும்பாலும் முதல்நாளே முகத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறார்கள். மருத்துவர் பார்க்கும்போது அங்கே எதுவும் இருக்காது. அவராகக் கேட்கவும் மாட்டார். எந்த இடத்தில் எவ்வளவு நாளுக்கொருமுறை எடுக்க வேண்டியிருக்கிறது, எப்போது தொடங்கியது, மாதவிலக்கு எத்தனை நாள் இடைவெளியில் வருகிறது, முகத்தில் என்னென்ன க்ரீம் பூசியிருக்கிறது, வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்பவற்றை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். தயக்கமாக இருந்தால் எழுதிக் கொடுத்துவிடலாம். டெஸ்டோஸ்டிரோன், 17-ஹைட்ராக்சிபுரொஜெஸ்டிரோன், தைராய்டு, புரொலாக்டின் என்று சில ரத்தப் பரிசோதனைகளில் பெரும்பாலான காரணங்கள் பிடிபட்டுவிடும். சர்க்கரைப் பரிசோதனையை ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம். பிசிஓஎஸ் என்று தெரிந்த பெண் அதை ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும், கருத்தரிக்கத் திட்டமிடும்போது தவறாமலும் செய்துகொள்ள வேண்டும்.